மூணாவது போதும்

என்னம்மா, ஒரு தடவை வேணாம்னு சொன்னதும் பிஸ்கட் பாக்கெட்டை மடிச்சுப் பைக்குள்ள வச்சுட்டீங்க? இல்ல இல்ல, எடுக்க வேணாம். சும்மா சொன்னேன். பிஸ்கட்டுக்கு ஆசைப்படுற வயசா எனக்கு? இந்தக் காலத்துப் பிள்ளைங்க வேணாம்னா வேணாம்தான்னு எடுத்துக்கிறீங்க. எங்க தொழில்ல அப்படி எடுத்துக்கிட்டா மறுநாள் வேலைக்குக் கூப்பிட மாட்டாங்க.

சரி, இவ்வளவு தூரம் நீட்டுறீங்க. ஒண்ணு குடுங்க.

இந்த பஸ்ஸுல உங்களைப் பாத்ததில்லையே, நீங்களும் சிங்கம்புணரியா? நான் தேரடிக்குப் பின்னாடி. சேவுகன். வெறும் சேவுகன்னு கேட்டா யாரும் காட்ட மாட்டாங்க, எங்க ஊருல பாதிப் பேரு சேவுகன்தான். பந்தி சேவுகன்னு கேக்கணும். சமையல்காரன்னு நினைச்சுக்காதீங்க. எனக்கு ஒரு ரசம் வைக்கத் தெரியாது. நான் பந்தி விசாரிக்கிறவன். கல்யாணத்துல இலை இலையா நின்னு, 'மாமாவுக்கு ரசம் கொண்டா, அக்காவுக்கு இன்னொரு அப்பளம் வை'ன்னு சொல்லிக்கிட்டே ஒரு ஆளு நடப்பானே, அது நான். எனக்குக் கீழ பன்னெண்டு பேரு வாளியோட நிப்பாங்க. நான் கண்ணைக் காட்டினா கரண்டி போகும்.

அதுல என்ன பெரிய வித்தைன்னு நினைப்பீங்க. போதும்ங்கிற வார்த்தை இருக்கு பாருங்க, அதைப் பிரிச்சுப் பாக்கத் தெரியணும். அதுதான் தொழிலு.

சாப்பிடுறவங்க சொல்ற போதும் மூணு வகைம்மா. முதல் போதும் மரியாதைக்கு. கரண்டி சாயறதுக்கு முன்னாடியே வந்துரும். அதைக் காதுல வாங்கவே கூடாது. வாங்கினா, 'போதும்னு சொன்னதுதான் தாமசம், வாளியைத் தூக்கிட்டு ஓடிட்டான், என்னா கல்யாணம் பண்றாங்க'ன்னு ஊரு பேசும். ரெண்டாவது போதும் கூச்சத்துக்கு. பக்கத்து இலைக்காரன் பாக்குறானேன்னு. குரல் கொஞ்சம் இறங்கியிருக்கும், கண்ணு மட்டும் வாளிக்குள்ளேயே இருக்கும். அதுக்கும் ஒரு கரண்டி போடணும். மூணாவது போதும் வாயிலேர்ந்து வராது. கை வரும். இலைக்கு மேல குறுக்க, இந்தா இப்படி, விரலெல்லாம் சேத்து வச்சு. அது வந்துட்டா முடிஞ்சது. அதுக்கு மேல மண்டபத்து முதலாளியே சொன்னாலும் கரண்டி சாயக் கூடாது. வாயைப் பாக்காத, கையைப் பாரு. என்கிட்ட வர்ற ஆளுக்கு நான் முதல்ல சொல்றது இதைத்தான். முப்பத்திரண்டு வருசத்துல என் பந்தியில ஒருத்தர் அரை வயித்தோட எந்திரிச்சதில்லை.

நானா? நான் மதுரைக்குத்தான். ஆஸ்பத்திரிக்கு. எனக்கு ஒண்ணும் இல்லைம்மா, நான் கல்லு மாதிரி இருக்கேன். வீட்டுக்காரிக்கு. இல்ல, கூட வரலை.

அவ ஆவணியில செத்துப் போயிட்டா.

நீங்க ஏம்மா முகத்தைத் திருப்பிக்கிறீங்க? கேட்டதுல தப்பு இல்லை. செத்தவளுக்கு மார்கழியில என்ன ஆஸ்பத்திரின்னுதானே நினைக்கிறீங்க? டாக்டரம்மாகிட்ட ஒரு கேள்வி கேக்கணும். ஆறு தடவை மருந்து ஏத்தணும்னு சொன்னாங்க. நான் மூணோட நிறுத்திட்டேன். நான்தான் நிறுத்தினேன், வேற யாரும் இல்லை. நான் நிறுத்தாம இருந்திருந்தா அவ இருந்திருப்பாளா மாட்டாளா. அதுதான் கேள்வி. மாசம் ஒரு தடவை போயிக் கேட்டுக்கிட்டு இருக்கேன்.

பொன்னழகுன்னு பேரு. கயித்துக் கம்பெனியில தேங்காநாரு திரிக்கிற வேலை. கல்யாணமாகி வந்த மறுவருசத்துலேர்ந்து போனா. அவ பேசி நான் பாத்ததில்லை. பேச மாட்டான்னு இல்லை, நான் வீட்டுல இருந்தாத்தானே பேசுறதுக்கு. முகூர்த்த நாள்ல நான் இருக்க மாட்டேன், மத்த நாள்ல தூங்குவேன். ஒரே பொண்ணு, செல்வராணி, திருப்பூர்ல இருக்கு. பனியன் கம்பெனியில செக்கிங். அதைக் கட்டிக் குடுத்ததுக்கு அப்புறம் வீட்டுல நாங்க ரெண்டே பேரு. ஏதாவது சொன்னா 'சரிங்க'ம்பா. அவ்வளவுதான்.

போன மாசியில அடிவயித்துல வலின்னா. அதுக்கு மேல உங்ககிட்ட சொல்லக் கூடாது, சின்னப் பிள்ளை. கட்டி. மதுரைக்குக் கொண்டு போனோம். இருபத்தஞ்சு நாள் கரண்ட் வச்சாங்க, ரேடியேஷன்னு சொல்றாங்களே, அது. கரைஞ்சிருச்சுன்னுதான் சொன்னாங்க. வைகாசியில ஸ்கேன் எடுத்துப் பாத்தா ஈரலுக்குப் போயிருக்கு. டாக்டரம்மா சின்ன வயசு, உங்களைவிட அஞ்சாறு வயசு கூட இருக்கும். பொறுமையாப் பேசும். படத்தை வெளிச்சத்துல பிடிச்சுக் காட்டி, இது எங்கெங்க இருக்குன்னு எல்லாம் சொல்லிட்டு, மருந்து ஏத்திப் பாக்கலாம்யான்னு சொன்னுச்சு. மூணு வாரத்துக்கு ஒண்ணு, ஆறு தடவை. கேக்குறதும் கேக்காததும் உடம்பைப் பொறுத்ததுன்னுச்சு. வேணாம்னு நினைச்சாலும் தப்பில்லை, வீட்டுல வச்சு வலி தெரியாமப் பாத்துக்கலாம், அதுவும் ஒரு வைத்தியம்தான்னுச்சு. அது சின்னப் பொண்ணு, ஏதோ சொல்லும். நான் பாக்கலாம்ங்கிறதைப் பிடிச்சுக்கிட்டேன். இவளைத் திரும்பிப் பாத்தேன். சரிங்கன்னா.

முதல் தடவை ஏத்திட்டு வந்து நாலு நாள் வாந்தி. தண்ணி குடிச்சாக்கூட இரும்பைக் கடிச்ச மாதிரி இருக்குன்னா. பதினஞ்சாம் நாளு தலைமுடி கொத்துக் கொத்தாக் கையோட வந்துருச்சு. நாருதான், திரிச்சுருவோமான்னு கேட்டா. பாத்தீங்களா, அப்பவே கேலி பேசியிருக்கா. நான் அதைக் காதுல வாங்கலை. எனக்குச் சோறு எப்படி உள்ள போகும்ங்கிறதுதான் கவலை.

நான்தான் ஊட்டுவேன். எத்தனை ஆயிரம் பேருக்குப் போட்ட கை, எனக்கு வராதா? ஒரு வாய் வாங்கிட்டுத் தலையை ஆட்டுவா. இன்னும் ஒரே ஒரு வாய்ம்பேன். அதை வாங்குவா. கடைசி வாய், இதுதான் கடைசிம்பேன். அதையும் வாங்குவா. அப்படியே எந்திரிச்சு வாசலுக்கு ஓடி எல்லாத்தையும் எடுத்துருவா. நான் செம்புல தண்ணி கொண்டு போய்க் குடுத்து, வாயைக் கொப்பளிக்க வச்சு, மறுபடி உக்கார வச்சு முதல்லேர்ந்து ஆரம்பிப்பேன். நாலு வாய் வெளியே வந்தா ஒரு வாயாவது உள்ள தங்கும்ல? அப்படித்தானே உசுரு பிழைக்கிறது? அவ என் முகத்தையே பாத்துக்கிட்டு வாயைத் திறப்பா. ஒரு நாள்கூட எதுத்துப் பேசினதில்லை. அந்த மாதிரி ஒரு பொம்பளை.

ரெண்டாவது மருந்து ஏத்திட்டுத் திரும்பி வர்றோம். இதே ரூட்டு பஸ்தான். மேலூர் தாண்டி இருக்கும். சன்னல் பக்கம் தலையைச் சாச்சு உக்காந்திருந்தா. தலையில துண்டு கட்டியிருந்துச்சு. வெளியே பாத்துக்கிட்டே, "போதுங்க"ன்னா.

நான் என்ன நினைச்சேன்னா, பயணத்தைச் சொல்றாளாக்கும்னு. அப்புறம் புரிஞ்சுச்சு. இன்னும் நாலே நாலுதான் பொன்னழகு, கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள ஓடிரும்னு சொன்னேன். பாத்தீங்களா, உடனே அடங்கிட்டா. முதல் போதும் அப்படித்தாம்மா இருக்கும்.

மூணாவது தடவை ஊசி குத்த நரம்பு கிடைக்கலை. புறங்கையில குத்தி, மணிக்கட்டுல குத்தி, கடைசியில கால்ல ஏத்தினாங்க. நகமெல்லாம் கறுத்துப் போச்சு. செல்வராணி லீவு போட்டு வந்திருந்துச்சு. வீட்டுக்கு வந்த மறுநாள், பொண்ணு தலை மாட்டுல உக்காந்திருக்கு, நான் கஞ்சியை ஆத்திக்கிட்டு இருக்கேன், இவ மெதுவா, "போதும், விட்ருங்களேன்"னா. கஞ்சியைச் சொல்றியா மருந்தைச் சொல்றியான்னு கேட்டேன்.

குரல் இறங்கியிருந்துச்சு. பக்கத்துல பொண்ணு இருக்கு. என்னால எல்லாருக்கும் தொந்தரவுன்னு நினைக்கிறா, கூச்சப்படுறா. எனக்குத் தெரியாதா? எத்தனை பேரைப் பாத்திருக்கேன். அதெல்லாம் நீ பேசாத, நான் பாத்துக்கிறேன்னு சொல்லிட்டுக் கரண்டியை நீட்டினேன்.

செல்வராணிக்குக் கோவம் வந்துருச்சு. அடுப்படிக்குள்ள என்னைத் தனியாக் கூப்பிட்டு, அம்மா வாயைத் திறந்து சொல்லுது, உங்களுக்குக் காது கேக்கலையான்னுச்சு. உங்கம்மாவைப் பத்தி எனக்குத் தெரியும்னேன். அது நல்லாப் படிச்ச பிள்ளை இல்லை, ஆனா வாய் ஜாஸ்தி. "இது பந்தி இல்லப்பா"ன்னுச்சு.

பெத்த பிள்ளைகிட்ட வாங்கிக் கட்டிக்கிறது புதுசா? விட்டுட்டேன். ஆனா பாருங்க, அது ஊருக்குப் போறதுக்கு முன்னாடி அம்மாகிட்ட ரொம்ப நேரம் குசுகுசுன்னு பேசிக்கிட்டு இருந்துச்சு. நான் போனதும் ரெண்டும் பேச்சை நிறுத்திருச்சுங்க. பொம்பளைங்க பேச்சு, நமக்கு எதுக்கு.

கொட்டாம்பட்டி வந்துருச்சா? கூட்டம் ஏறுது. பையை இப்படி என் காலுக்கிட்ட வைங்கம்மா, பரவாயில்லை.

நாலாவதுக்குத் தேதி குடுத்திருந்தாங்க. ஆடிக் கடைசி, ஒரு புதன்கிழமை. முதல் நாளே ரத்தம் சோதிச்சு வச்சாச்சு. காலையில ஃபிளாஸ்க்கு, போர்வை, வாந்தி எடுக்கப் பிளாஸ்டிக் பை, எல்லாம் எடுத்து வச்சுட்டேன். ஆட்டோ வாசல்ல நிக்குது. அவ குளிச்சு, பீரோவுல சாஞ்சு தரையில காலை நீட்டி உக்காந்திருக்கா. எனக்கு இங்கிலீசு எழுத்து வராது. ரத்தச் சீட்டு உள்ள இருக்கான்னு பாரு பொன்னழகுன்னு, ஃபைலைத் திறந்து அவ மடியில வச்சேன்.

அவ பாக்கலை. ஃபைலை மூடினா. மூடிட்டு, அதுக்கு மேல கையை வச்சா. குறுக்க. விரலெல்லாம் சேத்து. என்னை நிமிந்து பாத்தா.

என் கை நின்னுருச்சும்மா.

ஃபைலை எடுக்கக் குனிஞ்ச கை, பாதியில அப்படியே நின்னுருச்சு. நான் நிறுத்தலை. இத்தனை வருசப் பழக்கம், அதுவா நிக்குது. நான் யோசிச்சு முடிவு பண்ணியிருந்தா அதை ஒத்துக்குவேன். யோசிக்கவே இல்லை. வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்கிறாரு. நான் போய், இன்னிக்கு இல்லப்பா, போயிட்டு வான்னு சொல்லி அனுப்பிட்டேன். என்னமோ சாம்பார் வேணாம்னு சொன்னவங்களைத் தாண்டி அடுத்த இலைக்குப் போற மாதிரி.

அவ எங்க கத்துக்கிட்டான்னு இன்னிவரைக்கும் எனக்குத் தெரியலை. எங்க கல்யாணத்தைத் தவிர அவ பந்தியில உக்காந்து நான் பாத்ததே இல்லை. நான் வேலை பாக்கிற கல்யாணத்துக்கு அவ வர மாட்டா. வேலைக்காரன் பொண்டாட்டி வந்து முன்னாடி உக்காந்தா நல்லாவா இருக்கும்னு நான்தான் கூட்டிப் போனதில்லை. அப்புறம் எப்படி அந்தக் கை அவளுக்குத் தெரிஞ்சுச்சு?

நான் என்ன பண்ணியிருக்கணும்னு சொல்லட்டுமா? சம்பந்தி வீட்டுக்காரங்க கேலிக்குச் செய்வாங்க, பாத்திருக்கீங்களா? மாப்பிள்ளைத் தோழன் போதும்னு கையை விரிச்சா, கை மேலேயே பாயசத்தை ஊத்திருவாங்க. விரல் சந்து வழியா இலையில ஒழுகும், எல்லாரும் சிரிப்பாங்க. நான் அப்படி ஊத்தியிருக்கணும். கையைத் தள்ளிட்டு, இடுப்புல தூக்கிட்டுப் போயி ஆட்டோவுல உக்கார வச்சிருக்கணும். முப்பத்தஞ்சு கிலோ இருந்திருப்பா. தூக்க முடியாதா என்னால? அந்த நேரத்துல நான் புருசனா நிக்காம பந்திக்காரனா நின்னுட்டேன். அதுதான் நான் பண்ணினது.

அதுக்கு அப்புறம் இருபத்தாறு நாள் இருந்தா.

அந்த இருபத்தாறு நாளைச் சொன்னாத்தான் உங்களுக்கு விளங்கும், நான் ஏன் இவ்வளவு பேசுறேன்னு. ஒரு வாரம் போனதும் வாந்தி நின்னுச்சு. ஒரு நாள் மத்தியானம் நான் தூங்கிக்கிட்டு இருக்கேன், ஏங்க, பசிக்குதுங்கன்னு எழுப்புறா. மாசியிலேர்ந்து அவ வாயிலேர்ந்து வராத வார்த்தை. என்ன வேணும்னேன். பழைய சோறும் மோர் மிளகாயும்னா. நான் ஓடிப் போயி பக்கத்து வீட்டுல வாங்கிட்டு வந்தேன். நாலு உருண்டை சாப்பிட்டா. நான் ஊட்டலை, அவளாச் சாப்பிட்டா. இரும்பு ருசி போயிருச்சுன்னா.

அன்னிக்குச் சாப்பிட்டுட்டுக் கையைக் கழுவும்போது சொல்றா, "உங்க கல்யாணச் சாம்பாரு எனக்குப் பிடிக்கவே பிடிக்காது தெரியுமா?" இத்தனை வருசம் தூக்குவாளியில கொண்டாந்து குடுத்தேன், ஒரு நாள் சொன்னதில்லை. ஏன்டி சொல்லலைன்னேன். ஆசையாக் கொண்டாந்தீங்கன்னா. என்ன பிடிக்கலைன்னேன். வெல்லம் போடுறானுங்க, சாம்பாருக்கு எதுக்கு வெல்லம்னா. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். எங்க சமையல்காரர் பக்குவத்தை ஒருத்தர் குறை சொன்னதில்லை.

பேச ஆரம்பிச்சுட்டாம்மா. விடிஞ்சா எந்திரிச்சா பேச்சு. ஆவணியில எனக்கு ஏழு முகூர்த்தம் இருந்துச்சு, அவ்வளவையும் காரைக்குடி ஆளுக்கு விட்டுக் குடுத்துட்டு வீட்டுலயே கிடந்தேன். கயித்துக் கம்பெனியில ஒருத்தி மேஸ்திரிகிட்ட எப்படிச் சண்டை போடுவான்னு நடிச்சுக் காட்டினா. எங்க கல்யாணத்தன்னிக்குத் தாலி கட்டுற நேரத்துல நான் பந்தியைப் பாத்துக்கிட்டு இருந்தேனாம். அவன் ரசத்தைத் தெளிவா ஊத்துறானா பாருங்கன்னு மணவறையிலேர்ந்தே யார்கிட்டயோ சொன்னேனாம். எனக்கு ஞாபகமே இல்லை. இவன் என்னைப் பாக்க மாட்டான் போலிருக்கேன்னு அன்னிக்கே நினைச்சேன்னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா.

ஒரு நாள் ஆறு ரவிக்கையை எடுத்துக் கட்டி வச்சா. மெலிஞ்சு போயிட்டால்ல, எல்லாம் தொளதொளன்னு தொங்கும். டெய்லர் கடைக்குக் கூட்டிட்டுப் போங்க, பிடிச்சுத் தைக்கணும்னா. நானும் கூட்டிப் போனேன். நின்னு அளவு குடுத்தா. அந்த டெய்லர் தெரிஞ்சவரு, என்னக்கா ரெண்டு பக்கமும் இவ்வளவு பிடிக்கணுமான்னாரு. பிடிப்பா, சாக்குப்பை மாதிரி போறதுக்கு எனக்கு இஷ்டமில்லைன்னா. நல்லாக் கேளுங்க. பிழைக்கணும்னு நினைக்காதவ ரவிக்கையைப் பிடிச்சுத் தைப்பாளா? ஆறு ரவிக்கை. ஆசை இருந்திருக்கு. உடம்பும் தேறியிருக்கு.

தலையில முடிகூட முளைக்க ஆரம்பிச்சுச்சு. பூனைக்குட்டி உடம்பு மாதிரி மெத்துனு இருக்கும். தொட்டுப் பாருங்கன்னு என் கையை எடுத்து வச்சுக்கிட்டா. உங்ககிட்ட இதெல்லாம் சொல்லலாமான்னு தெரியலை. மத்தியானம் என் மடியில தலையை வச்சுத் தூங்குவா. வாசக் கதவு திறந்து கிடக்கும், தெருவுல போறவங்க பாப்பாங்க. எனக்குக் கூச்சமா இருக்கும். கதவைச் சாத்திட்டு வர்றேன்னா, விட மாட்டா. பாத்தாப் பாக்கட்டும், உங்களை யாரும் பிடிச்சுட்டுப் போக மாட்டாங்கன்னுவா.

இப்பச் சொல்லுங்க. சோறு இறங்குது, முடி முளைக்குது, சிரிக்குறா, டெய்லர் கடைவரைக்கும் நடக்குறா. அந்த உடம்பு நாலாவது மருந்தைத் தாங்கியிருக்குமா தாங்காதா? அந்த நேரத்துல ஏத்தியிருந்தா சும்மா ஜம்முனு பிடிச்சிருக்கும். நான் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்து பேசிக்கிட்டு இருந்திருக்கேன்.

செல்வராணிகிட்ட இதைச் சொன்னேன். கருமாதி முடிஞ்ச அன்னிக்கு. அம்மா கடைசியில நல்லா இருந்துச்சுப்பான்னு அது ஆரம்பிச்சுச்சு. அதைத்தான் நானும் சொல்றேன், நல்லா இருந்தால்ல, ஏத்தியிருக்கலாம்லன்னேன். அது எந்திரிச்சுப் போயிப் பாத்திரம் கழுவ ஆரம்பிச்சுருச்சு. கழுவின பாத்திரத்தையே கழுவிக்கிட்டு இருந்துச்சு.

கடைசி ரெண்டு நாளு தூக்கம்தான். வலிக்கு டாக்டரம்மா முன்னாடியே மாத்திரை எழுதிக் குடுத்திருந்துச்சு, அதனால வலி இல்லை. கண்ணு மஞ்சளாயிருச்சு. செல்வராணி வந்துருச்சு. நடுவுல ஒரு தடவை முழிச்சு, டெய்லர்கிட்ட இன்னும் ரெண்டு ரவிக்கை நிக்குது, வாங்கிட்டு வந்துருங்கன்னா. சரின்னேன். அதுக்கு அப்புறம் பேசலை. மறுநாள் காலையில பத்து மணிக்கு.

புரட்டாசியில முதல் தடவை போனேன். அங்க ஒரு நடைமுறை இருக்கு. நோயாளி கார்டு இருந்தாத்தான் டோக்கன் குடுப்பாங்க. நான் பொன்னழகு கார்டை நீட்டினேன். கவுண்டர்ல இருந்தவரு, பேஷண்ட் வந்திருக்காங்களான்னாரு. வரலைன்னேன். என்னமோ எழுதிக்கிட்டு டோக்கனைக் குடுத்துட்டாரு. வெளியே உக்காந்திருந்தேன். உள்ளேயிருந்து பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க, பொன்னழகு, பொன்னழகுன்னு. எந்திரிச்சுப் போனேன்.

டாக்டரம்மாவுக்கு முகத்தைப் பாத்ததுமே தெரிஞ்சிருச்சு. நான் கேட்டேன். நீங்க செஞ்சது சரிதான்யா, ஒரு தப்பும் இல்லைன்னுச்சு. தண்ணி குடிங்கன்னுச்சு. நல்ல பொண்ணு. ஆனா எனக்குத் தெரியாதா, முதல் தடவை சொல்றது மரியாதைக்கு. வீடு தேடி வந்தவனை நீதான் கொன்னேன்னு சொல்லுவாங்களா? ஐப்பசியில மறுபடி போனேன். அதே கார்டு, அதே கேள்வி, வரலைன்னு அதே பதில். டாக்டரம்மா, அன்னிக்கே சொன்னேனேய்யா, நீங்க நிறுத்தினது நல்லதுக்குத்தான்னுச்சு. குரல்ல கொஞ்சம் சங்கடம் இருந்துச்சு. ரெண்டாவது. அதுவும் கணக்கு இல்லை. கார்த்திகையில மூணாவது தடவை போய் நின்னேன். வெளியே நாப்பது பேரு உக்காந்திருக்காங்க. அது பேனாவைக் கீழே வச்சுட்டு என்னை உக்காரச் சொல்லுச்சு. அந்த இருபத்தாறு நாளும் அம்மா எப்படி இருந்தாங்கன்னு கேட்டுச்சு. இப்ப உங்ககிட்ட சொன்னேனே, அத்தனையும் சொன்னேன். சாம்பாரு, ரவிக்கை, எல்லாம். ஒரு வார்த்தை குறுக்க பேசாமக் கேட்டுச்சு. அப்புறம் சொல்லுச்சு.

"ஐயா, உண்மையைச் சொல்லணும்னா, ஏத்தியிருந்தா ஒரு மாசம் கூட இருந்திருக்கலாம். ஆனா இங்கதான் இருந்திருப்பாங்க. மூக்குல குழாயோட, இந்த வார்டுல."

பாத்தீங்களா? மூணாவதுல வந்துருச்சு பாத்தீங்களா? ஒரு மாசம். முப்பது நாளு. அது என் பொண்டாட்டியோட முப்பது நாளும்மா. நான் எடுத்துட்டேன்.

குழாயைப் பத்தியெல்லாம் எதுக்குச் சொல்லுச்சுன்னு தெரியலை. குழாய்னா குழாய், இருந்துட்டுப் போகுது. இனிமே இதுக்காக நீங்க வர வேண்டாம்யா, பொண்ணு வீட்டுல போயிக் கொஞ்ச நாள் இருங்கன்னும் சொல்லுச்சு. கார்டைக் கொடுத்துட்டுப் போறீங்களான்னு கேட்டுச்சு. நான் குடுக்கலை. சட்டைப் பையில வச்சுக்கிட்டு வந்துட்டேன்.

அதான் விடை கிடைச்சிருச்சே, இப்ப எதுக்குப் போறேன்னு கேக்குறீங்களா?

அந்த ஒரு மாசத்தைத்தான் இப்ப யோசிச்சுக்கிட்டு இருக்கேன். வேலை இல்லாத மாசம் வேற, மார்கழி, வேற என்ன செய்யுறது. இருபத்தாறு நாளும் எனக்கு அச்சடிச்ச மாதிரி இருக்கு. எந்தெந்த நாளு எந்தெந்தப் பேச்சுன்னு வரிசையாச் சொல்லுவேன். அது முடிஞ்சதும் இந்த முப்பது நாளை எடுத்து வைக்கிறேன். அவளைக் கட்டில்ல படுக்க வைக்கிறேன். குழாய் இருக்கு. கால்ல ஊசி இருக்கு. நான் பக்கத்துல ஸ்டூல்ல உக்காந்துக்கிறேன். பொன்னழகுன்னு கூப்பிடுறேன். திரும்பிப் பாக்குறா. கண்ணு தெரியுது. ஆனா பேச மாட்டேங்குறா. எத்தனை நாளா முயற்சி பண்றேன், ஒரு வார்த்தை வர மாட்டேங்குது. என்னமாச்சும் சொல்லு, சாம்பாரையாவது திட்டுன்னு சொல்றேன். வாயைத் திறக்கிறா, நான் ஊட்டும்போது திறப்பாளே, அந்த மாதிரி. அவ்வளவுதான்.

டாக்டரம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும். தினம் பாக்குதுல்ல அந்த வார்டுல. அப்படிக் குழாயோட படுத்திருக்கிறவங்க அந்தக் கூடுதல் மாசத்துல புருசன்கிட்ட என்னதான் பேசுவாங்கன்னு கேக்கப் போறேன். சும்மா ஒண்ணு ரெண்டு சொன்னாலும் சரி. அதைக் கொண்டாந்து அந்த முப்பது நாள்ல வச்சுக்குவேன்.

மாட்டுத்தாவணி வந்துருச்சும்மா. நீங்க முதல்ல இறங்குங்க, காலேஜுக்கு நேரமாகும். எனக்கு அவசரமில்லை. பேரைச் சொல்லிக் கூப்பிட மத்தியானம் ஆயிரும்.